பால் கணக்கு நோட்டில் ஒரு சோலார் பேனல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். 3ஆம் தேதி ராத்திரி போன கரண்ட் 7ஆம் தேதி சாயங்காலம்தான் வந்தது. நாங்கள் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம், வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்ற தெம்பில் முதல் ராத்திரி இரண்டு ஃபேன், நாலு லைட், மோடம் எல்லாவற்றையும் ஓடவிட்டோம். விடிவதற்குள் அது கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அடங்கிப்போனது.

மறுநாளும் கொட்டித் தீர்த்துவிட்டு மழை விட்டது. அதற்கடுத்த நாள் மொட்டை மாடிக்குப் போனால் வெயில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் வீட்டில் மூன்று போனும் செத்துக் கிடக்கின்றன. அத்தை, அதாவது என் மாமியார், ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டே, "இவ்ளோ வெயில் சும்மா போவுதே, இதுல ஒரு போனு சார்ஜ் ஆவாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனது.

பிப்ரவரியில் 100 வாட் பேனல் ஒன்று வாங்கினோம். விலை 4,200 ரூபாய். ஒரு மீட்டர் நீளம், அதில் மூன்றில் இரண்டு பங்கு அகலம், எட்டு கிலோ எடை. வாடகை வீட்டில் இதற்கு மேல் பெரிதாக எதையும் மாட்ட முடியாது. வாங்கும்போது நான் மனதுக்குள் போட்ட கணக்கு இது: 100 வாட், பகல் பன்னிரண்டு மணி நேரம், ஆக ஒரு நாளைக்கு 1,200 வாட்-அவர், அதாவது ஒரு யூனிட்டுக்கும் மேல். மாதம் 36 யூனிட். இரண்டு மாத இ.பி. பில்லில் 72 யூனிட் குறையும்! என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர், "கணக்கு சரியாத்தான் இருக்கு, சூரியனுக்கு இது தெரியுமா?" என்றார்.

சூரியனுக்குத் தெரியவில்லை.

பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் 100 வாட் என்ற எண், ஒரு சோதனைக் கூடத்தில் வைத்து அளந்தது. சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம் நேராக விழ வேண்டும், பேனலுக்குள் இருக்கும் செல்லின் சூடு 25 டிகிரியில் நிற்க வேண்டும். உலகம் முழுக்க எல்லாக் கம்பெனிகளும் இந்த ஒரே நிலையில்தான் அளக்கின்றன, அதனால் யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சென்னையில் உச்சி வெயிலில் 25 டிகிரியில் ஒரு பொருள் இருக்க வேண்டுமானால் அது ஃப்ரிட்ஜுக்குள்தான் இருக்க வேண்டும்.

வெயில் காலையில் சாய்வாக வந்து, உச்சியில் நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து போகிறது. மேகம் வேறு. அத்தனையையும் சேர்த்து, முழு உக்கிரமான வெயில் ஒரு நாளில் எத்தனை மணி நேரத்துக்குச் சமம் என்று பார்த்தால் சென்னைக்கு ஆண்டுச் சராசரியாக ஐந்து, ஐந்தரை மணி வரும். பன்னிரண்டு மணி நேரப் பகல் என்று நான் போட்ட கணக்கு அங்கேயே பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒரு கிலோவாட் சோலார் போட்டால் நாளைக்கு நான்கு யூனிட் வரும் என்று சோலார் மாட்டுகிறவர்கள் வாய்ப்பாடாகச் சொல்வார்கள். அதையே பத்தால் வகுத்தால் என் பேனலுக்கு 0.4 யூனிட், அதாவது 400 வாட்-அவர். ஒரு மணி நேரம் இஸ்திரி போடக்கூடக் காணாது.

சரி, 400 ஆவது வந்ததா? முதல் வாரம் வந்தது 40.

ரிச்சி தெருவில் 600 ரூபாய்க்கு ஒரு சின்ன டி.சி. வாட் மீட்டர் வாங்கிப் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வைத்திருந்தேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அதில் என்ன எண் காட்டுகிறதோ அதைப் பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிப்பேன். முதல் ஏழு நாளும் 35, 42, 40 என்றே வந்தது. பேனல் கெட்டது என்று முடிவு கட்டி, மாற்றித் தரச் சொல்லக் கடைக்குக் கிளம்பியே விட்டோம். தெருவில் எலக்ட்ரிக் வேலை செய்யும் தம்பிதான் தடுத்தார். நாங்கள் பேனலை வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியிலேயே இணைத்திருந்தோம். கரண்ட் ஒழுங்காக இருக்கும் நாட்களில் அந்தப் பேட்டரியை இ.பி. கரண்டே நிரப்பி வைத்துவிடுகிறது. நிரம்பிய பேட்டரியைப் பார்த்ததும், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் காவல் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் என்ற பெட்டி, "போதும்" என்று பேனலை மூடிவிடுகிறது. மொட்டை மாடியில் வெயில் கொளுத்துகிறது, பேனல் தயாராக நிற்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தொட்டி நிரம்பி வழியும்போது மோட்டார் எத்தனை ஹார்ஸ்பவர் என்பதில் என்ன இருக்கிறது?

சின்ன பேனல் வாங்குகிறவர்களில் பாதிப் பேர், "இது ஒண்ணும் உற்பத்தியே பண்ணலை" என்று சலித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பேனல் எவ்வளவு தரும் என்பது வெயிலை மட்டும் பொறுத்ததில்லை, கீழே எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதையும் பொறுத்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தப் பேட்டரிக்கும் இந்தப் பேனலுக்கும் ஜோடிப் பொருத்தமில்லை. காலியான 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் கிட்டத்தட்ட 1,800 வாட்-அவர் போக வேண்டும். ஒற்றைப் பேனல் அதை நிரப்ப நல்ல வெயிலில் ஐந்தாறு நாள் ஆகும். ஆகவே தனியாக 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று வாங்கினோம், 8,500 ரூபாய். கொள்ளளவு 384 வாட்-அவர். பேனலின் ஒரு நாள் சம்பாத்தியம் அதில் சரியாக அடங்கும். மோடத்தை இருபத்து நான்கு மணி நேரமும் அதிலேயே ஓடவிட்டோம், பேனலுக்கு வேலை இல்லாத நேரமே இருக்கக் கூடாது என்பதற்காக.

மறுநாள் மீட்டர் 190 காட்டியது. நாற்பதிலிருந்து 190. அப்போதும் 400 எங்கே?

இங்கிருந்துதான் நிஜமான வேலை தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மொட்டை மாடியில் குடையும் நோட்டுமாக உட்கார்ந்து மணிக்கு ஒரு தடவை வாட் குறித்தேன். ஒன்பதரை மணி வரை ஓனர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல். இரண்டரைக்கு மேல் மேற்கே காம்பவுண்டுக்குள் நிற்கும் தென்னை மரத்தின் நிழல். நடுவில் பதினொரு மணிக்கு ஓனரம்மா ஒரு புடவையைக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். அதன் நிழல் பேனலின் ஒரு மூலையில் மட்டும்தான் விழுந்தது, மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 61 வாட் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் 9க்கு இறங்கியது.

பத்து சதவீத நிழல் என்றால் பத்து சதவீத நஷ்டம் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பேனலுக்குள் 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சரத்தில் கோத்ததுபோல இருக்கின்றன. கரண்ட் எல்லா செல்லையும் கடந்துதான் வெளியே வர வேண்டும். தண்ணீர்க் குழாயை எந்த இடத்தில் மிதித்தாலும் முனையில் தண்ணீர் குறைகிற மாதிரி, ஒரு செல் இருண்டால் மற்ற 35ம் அதற்காகக் காத்து நிற்கின்றன. பெரிய பேனல்களில் நிழல்பட்ட பகுதியைத் தாண்டிப் போக பைபாஸ் டயோடுகள் கைகொடுக்கும். என் பேனலிலும் இருக்கின்றன. ஆனால் பாதி செல்களைத் தாண்டிவிட்டால் பேனலில் மிஞ்சுவது ஒன்பது வோல்ட் சுமார்தான், அதைக்கொண்டு 12 வோல்ட் பேட்டரியை நிரப்ப முடியாது. ஆக 12 வோல்ட் சின்ன பேனலுக்கு நிழல் பரம எதிரி. வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் செலவழித்தாலும் தகும். பேனலையே கையில் தூக்கிக்கொண்டு போய் காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு நிழல் எங்கெங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். அன்றாட மின்சாரத்தில் முக்கால் பங்கு இந்த ஆறு மணி நேரத்தில்தான் வருகிறது.

பேனலை மாடியின் நடுவுக்குக் கொண்டுவந்தோம். அங்கே வேறொரு தகராறு. பங்குனி, சித்திரையில் அந்த இடம் ஓனரம்மாவின் வடகத்துக்குப் பரம்பரைப் பாத்தியதை உள்ள இடம். நல்ல வெயில் எங்கே விழும் என்பதில் அவருடைய அறிவு என் நோட்டைவிடப் பழையது. பேசி முடித்து, பேனலுக்கு வடக்கே வடகம் என்று உடன்படிக்கை ஆனது. தெற்கே வைத்தால் வடகத்தைக் காக்கையிடமிருந்து காக்கும் ஓட்டைக் குடையின் நிழல் பேனலில் விழும் அல்லவா?

அடுத்தது சாய்வு. முதலில் பேனலைத் தரையில் அப்படியே படுக்க வைத்திருந்தோம். சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது, ஆகவே தெற்குப் பார்த்து 13 டிகிரி சாய்வு என்பது ஆண்டு முழுக்கத் திருப்பாமல் வைக்க ஏற்ற நிலை. டிகிரி அளக்கும் கருவி எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் பேனலின் வடக்கு முனையை ஒரு சாண் தூக்கினால் 13 டிகிரி வந்துவிடும். நான் ஸ்கேல் வைத்தும் பார்த்தேன், என் சாண் இருபத்திரண்டு சென்டிமீட்டர். சாய்வால் நேரடியாகக் கூடிய கரண்ட் கொஞ்சம்தான். ஆனால் கூடவே மூன்று நன்மைகள் வந்தன: மழைத் தண்ணீர் தேங்காமல் அழுக்கை வழித்துக்கொண்டு போனது, காக்கைக்கு உட்கார வசதி குறைந்தது, பேனலுக்கு அடியில் காற்று போனது.

அந்தக் காற்றின் அருமை கத்திரி வெயிலில் தெரிந்தது. மே மாதம் வரட்டும், மீட்டர் எகிறப் போகிறது என்று காத்திருந்தேன். மார்ச்சில் சராசரி 410 வாட்-அவர் வந்தது. மே மாதம் 370. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. கண்ணாடியில் கை வைத்தேன், ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. சோலார் செல்லுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் திறன் இறங்குகிறது. உச்சி வெயிலில் நம் மொட்டை மாடியில் செல் 60, 65 டிகிரிக்குப் போகும். நாற்பது டிகிரி கூடுதல் என்றால் 16 சதவீதம் காலி. பேனல் நூறு வாட்டிலிருந்து எண்பத்து நாலு வாட்டுக்கு வந்துவிடுகிறது, தூசியும் வயரும் அதற்கு மேல் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. மதியம் கடல் காற்று வீசத் தொடங்கியதும் மீட்டரில் இரண்டு மூன்று வாட் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். மெரினாவில் நிற்பவருக்குக் கிடைக்கும் அதே நிம்மதி பேனலுக்கும்!

மே மாதம் இன்னொன்றும் நடக்கிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒரு நாள் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், மதியம் 12:07 வாக்கில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது. அன்றிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சிக்குத் திரும்பும்வரை, மதியச் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கிறது. என் பேனலோ தெற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதில் ஐந்தாறு சதவீதம் போகும். வேண்டுமானால் அந்த நான்கு மாதமும் செங்கல்லை எடுத்துவிட்டுப் படுக்க வைக்கலாம். நான் ஒரு வருடம் செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். படுத்தால் அழுக்கு சேர்கிறது, போன ஐந்து சதவீதம் வேறு வழியில் திரும்பப் போய்விடுகிறது.

இனி என் கண்ணைக் கட்டிய கதை. முதலில் ஆன்லைனில் வாங்கிய சார்ஜ் கன்ட்ரோலர் 900 ரூபாய், மேலே பெரிய எழுத்தில் எம்.பி.பி.டி. என்று போட்டிருந்தது. கன்ட்ரோலரில் இரண்டு ஜாதி. பி.டபிள்யூ.எம். என்பது பேனலை நேராகப் பேட்டரியோடு இணைத்து இணைத்து விடுவது. பேனல் 18 வோல்ட்டில் ஐந்தரை ஆம்பியர் தரத் தயாராக இருந்தாலும் பேட்டரியின் 13 சொச்சம் வோல்ட்டுக்கு இழுபட்டுவிடும், மிச்ச வோல்ட் வீண். எம்.பி.பி.டி. அந்தக் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். என் பெட்டியைக் கையில் வாங்கிய எலக்ட்ரீஷியன் தம்பி, "அக்கா, இது இவ்ளோ லேசா இருந்தா உள்ள காயிலே இல்லக்கா" என்றார். மல்டிமீட்டரை எடுத்து, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பேனல் முனையில் வைத்தார்: 13.4. பேட்டரி முனையில் வைத்தார்: 13.3. இரண்டும் ஒன்றாக இருந்தால் அது பி.டபிள்யூ.எம்., மேலே என்ன எழுதியிருந்தாலும். நிஜமான எம்.பி.பி.டி.யில் பேனல் பக்கம் 15, 17 என்று தனியாக நிற்கும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். எனக்குக் கெடு முடிந்திருந்தது.

2,900 ரூபாய் கொடுத்து நிஜமானதை வாங்கினேன். மார்ச் தொடக்கத்தில் 330 வந்துகொண்டிருந்தது 400ஐத் தொட்டது. சந்தோஷம்தான். ஆனால் இப்போது யோசித்தால், ஒற்றைப் பேனலுக்கு அது தேவையா என்று தோன்றுகிறது. சூட்டில் பேனலின் வோல்ட் 15க்கு அருகே இறங்கிவிடுவதால் கோடையில் எம்.பி.பி.டி.யின் ஆதாயமும் சுருங்கிப்போகிறது. பி.டபிள்யூ.எம். என்று ஒளிக்காமல் எழுதிய ஒரு நல்ல பெட்டியை வாங்கி, மிச்சப் பணத்தோடு இன்னொரு பேனல் சேர்த்திருந்தால் கரண்ட் இரண்டு மடங்காகியிருக்கும். இடம் இருப்பவர்கள் அதையே செய்யுங்கள்.

வயரைப் பற்றிச் சுருக்கமாக. மாடியிலிருந்து ஹாலுக்கு 15 மீட்டர். போக வர முப்பது. வீட்டு வயரிங்குக்கு வாங்கி மிஞ்சியிருந்த 1.5 சதுர மி.மீ. வயரை இழுத்தோம், ஐந்தரை ஆம்பியர் ஓடும்போது அதில் இரண்டு வோல்ட் வழியிலேயே காணாமல்போனது. கோடையில் 15 வோல்ட் தரும் பேனலில் இரண்டு போனால் பேட்டரி முழுசாக நிரம்பவே நிரம்பாது. 4 சதுர மி.மீ. வயருக்கு மாற்றியதும் இழப்பு முக்கால் வோல்ட்டாகக் குறைந்தது. பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போடுங்கள். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைத்து அப்புறம் பேனலை இணையுங்கள், கழற்றும்போது தலைகீழாக. இணைக்கும்போது பேனல்மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடிக்கொள்வது நல்லது, ஏனென்றால் பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டால் உயிரோடுதான் இருக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்து ஃபியூஸைப் புகைத்தார். யார் என்று சொல்ல மாட்டேன், இதை அவர் படிப்பார்.

காக்கை விவகாரம் தனி. அமாவாசைக்கு அமாவாசை அத்தை மாடிச் சுவரில் காக்கைக்குச் சாதம் வைப்பார். காக்கைகள் வரிசையாக வந்து, முறை வரும்வரை காத்திருக்கும் இடமாக என் பேனலைப் பிடித்துக்கொண்டன. எச்சம் ஒரு செல்லை மறைத்தாலும் புடவை நிழல் கதைதான். அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "முன்னோருக்குக் கிழக்கு மூலையும் மேக்கு மூலையும் ஒண்ணுதாம்மா" என்று இலையை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

துடைப்பதற்கு முதலில் போர்வெல் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். இப்போது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்து, அதில் பழைய காட்டன் துணியை நனைத்து, வாரத்துக்கு ஒரு தடவை விடிகாலையில் துடைக்கிறேன். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம், ஆகவே காலையில்தான். துடைக்காமல் மூன்று வாரம் விட்டுப் பார்த்தபோது 400 வந்த இடத்தில் 360 வந்தது. போகிக்கு மறுநாள் பேனலில் விரலால் கோலமே போடலாம், அவ்வளவு கரி.

முதல் வருட நோட்டை இப்போது புரட்டினால்: மார்ச்சில் நாளுக்கு 400க்கு மேல். ஏப்ரல், மே 380, 370. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 330ஐச் சுற்றி, சாயங்காலம் கூடும் மேகங்கள் கடைசி இரண்டு மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடுகின்றன. நவம்பர், டிசம்பரில் 230. அடைமழை நாட்களில் 30, 40கூட உண்டு. எல்லாவற்றுக்கும் மேலான ஆச்சரியம், ஒரு கணத்தில் பதிவான உச்சம் கோடையில் வரவில்லை. அக்டோபரில் ஒரு மதியம் மழை பெய்து பேனல் குளிர்ந்து கிடந்தபோது, மேகம் விலகிப் பளிச்சென்று வெயில் அடித்தது, விலகிய வெள்ளை மேகமும் தன் பங்குக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியது. மீட்டர் 98 காட்டியது. 100 வாட் என்று எழுதியிருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கக் கொடுத்து வைத்தது. ஓடிப்போய் அவரைக் கூட்டிவருவதற்குள் 70.

இந்தக் கரண்டை வைத்து என்னதான் செய்ய முடியும்? பேட்டரிக்குள் போய் வெளியே வருவதற்குள் கொஞ்சம் குறையும், கையில் நிற்பது நல்ல நாளில் 350. மோடம் 10 வாட், நாள் முழுக்க ஓடினால் 240. ஹாலில் 7 வாட் எல்.இ.டி. லைட் ஐந்து மணி நேரம், 35. இரண்டு போன் முழுசாகச் சார்ஜ் ஏற 50. கணக்கு முடிந்தது. 15 வாட் டி.சி. டேபிள் ஃபேன் ஒன்று வைத்திருக்கிறோம், அதை ஓட்டுகிற ராத்திரி மோடத்தை நிறுத்திவிட வேண்டும். சாதாரண சீலிங் ஃபேன் 70, 75 வாட், பேட்டரியை ஐந்து மணி நேரத்தில் காலி செய்துவிடும். பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 30 வாட்டுக்குள் அடங்கும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைக்க 90 வாட்-அவர் வேண்டும், அதாவது ஒரு நாள் சம்பாத்தியத்தில் கால்வாசி ஒரு தடவை காபிக்கு. ஏசியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

நாங்கள் இதில் இன்வெர்ட்டர் வைக்கவில்லை. சின்ன இன்வெர்ட்டர் சும்மா ஆன் செய்து வைத்தாலே ஆறு முதல் பத்து வாட் தின்னும், நாள் முழுக்க என்றால் பேனல் தருவதில் பாதி அதற்கே போய்விடும். மோடம், லைட், போன் எல்லாமே உள்ளுக்குள் டி.சி.யில்தான் ஓடுகின்றன. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டர் வைத்து மறுபடி 12 ஆக்குவது எதற்கு? பேட்டரி சில நேரம் 14 வோல்ட்டுக்கு மேல் போகும் என்பதால் மோடத்துக்கு முன்னால் மட்டும் சரியாக 12 வோல்ட் தரும் ஒரு சின்ன கன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம்.

பணக் கணக்கை மறைக்க மாட்டேன். ஏமாந்த 900ஐயும் சேர்த்து மொத்தம் 18,900 ரூபாய். வருடத்துக்கு உருப்படியாகக் கிடைப்பது 110 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தால் 550 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப 34 வருடம். பேட்டரி அதற்குள் இரண்டு மூன்று தடவை மாறியிருக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் வேறு, அதற்குள் அடங்கும் சின்னக் குடும்பத்துக்கு இந்தப் பேனலால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. பில் குறையும் என்று யாராவது உங்களிடம் 100 வாட் பேனல் விற்க வந்தால் பால் கணக்கு நோட்டைக் காட்டுங்கள்.

வாங்கியது புயலுக்காக. அந்தப் பரீட்சையும் வந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அன்று சென்னையில் நாள் முழுக்க மழை. முந்தைய நாளே பேனலைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டோம். எட்டு கிலோதான் எடை, எண்பது கிலோமீட்டர் காற்று அதன்மேல் இருபது கிலோ விசையைப் போடும். கழற்றாவிட்டால் யாராவது வீட்டுக் கண்ணாடியில்தான் போய் நிற்கும். பேனலைத் தரையோடு இறுக்கி வைக்காமல் நான்கு போல்ட்டில் கழற்றுகிற மாதிரி வைத்ததை அன்று மெச்சிக்கொண்டேன். மதியம் போன கரண்ட் மறுநாள் சாயங்காலம் வந்தது. முழுதாக நிரம்பியிருந்த பேட்டரியில் மோடத்தை நிறுத்திவிட்டு லைட்டும் போனும் மட்டும் என்று ஓட்டினோம், பாதிகூடச் செலவாகவில்லை. மறுநாள் பேனலை மாட்டியபோது மூட்டத்தில் வந்தது 60 வாட்-அவர். புயல் அடிக்கும்போது பேனல் உதவாது, அந்த இரண்டு நாளைக்குப் பேட்டரிதான். மழை விட்டு வெயில் வந்தும் கரண்ட் வராத மூன்றாம், நான்காம் நாளுக்குத்தான் பேனல். மிக்ஜாமில் எங்களை வாட்டியதும் அந்த நாட்கள்தான்.

அன்று ராத்திரி எங்கள் ஹாலில் லைட் எரிவதைக் கீழிருந்து பார்த்த ஓனர், மறுவாரம் மாடிக்கு வந்து பேனலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, என் ரூம் ஏசிக்கு இந்த மாதிரி எத்தனை வேணும்?" ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஏழு யூனிட் என்று வைத்துக்கொண்டு, நோட்டிலேயே வகுத்துக் காட்டினேன்: இருபது. "இருபது சின்னது வாங்காதீங்க சார், பெரிய சிஸ்டமாவே போடலாம். பி.எம். சூர்ய கர் திட்டத்துல மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பகல்ல மிஞ்சுற கரண்டை இ.பி.க்குக் குடுத்து பில்லுல கழிச்சுக்குற நெட் மீட்டர் வச்சுட்டா பேட்டரியும் வேண்டாம். முந்நூறு சதுர அடி வேணும், நிழல் விழாம" என்றேன். அவர் மாடியை நோட்டமிட்டார். தொட்டியை நகர்த்தலாம் என்றார். கொடியை அவிழ்க்கலாம் என்றார். அப்புறம் மேற்கே பார்த்தார்.

"அப்ப அந்தத் தென்னை?"

நான் பதில் சொல்வதற்குள் ஓனரம்மா வடகத் தட்டோடு படியேறி வந்துகொண்டிருந்தார். ஓனர் குரலைத் தாழ்த்தி, "அது அவ வச்ச மரம்மா" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை.